சம்மனசுக் காசு என்று சொல்லமாட்டேன்

மாலையை உருக்கப்போகிறோம் என்று கோயில் பொருளாளர் சொன்னபோது என் இரண்டு கையிலும் ரிட்டா நுரை. தமிழ்நாட்டில் இதைப் பூந்திக்கொட்டை என்பார்கள். புனே கட்கியில் பிறந்த எங்களுக்கு ரிட்டாதான். சென்ற ஆண்டு ஆகஸ்ட் பதினைந்து. மாதா விண்ணேற்புப் பூசை முடிந்து, கோயில் வாசலில் தேசியக் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மழை விடவில்லை. நாங்கள் இரண்டு பெண்கள் பீடத்துக்குப் பின்னாலுள்ள அறையில் தரையில் உட்கார்ந்து மாதாவின் நகைகளைக் கழுவிக்கொண்டிருந்தோம்.

செப்டம்பர் எட்டு ஆரோக்கிய மாதா திருவிழா. அதற்கு மாதாவுக்குச் சேலை கட்டி நகை பூட்டுவது எங்கள் இருவரின் பொறுப்பு. மற்றவள் விஷ்ராந்த்வாடியிலிருந்து வருகிறவள். அவள் குடும்பம் புனேக்கு வந்து மூன்று தலைமுறை ஆனாலும் வாயில் திருநெல்வேலி போகவில்லை. என்னை மைனி என்பாள். நான் அவளுக்கு அண்ணன் மனைவி இல்லை, மரியாதைக்கு அப்படி.

பொருளாளர் கோர்படி ரயில்வே காலனியில் வளர்ந்தவர், என்னைவிடக் கொஞ்சம் இளையவர். கோயில் காசில் ஒரு டீ குடித்தவர் என்று யாரும் சொல்ல முடியாது. நேர்மையானவரோடு சண்டை போடுவதுதான் கஷ்டம்.

"அக்கா, நல்லாத் தேச்சுக் கழுவுங்க. மாலைக்கு இதான் கடைசிக் குளியல்" என்றார்.

"ஏன், என்ன ஆச்சு?"

"உருக்கி மாதாவுக்குக் கிரீடம் பண்றோம். கமிட்டில பாஸ் ஆயிடுச்சு. சேட்டுகிட்டயும் பேசியாச்சு."

"எங்ககிட்ட யாரும் கேக்கலயே?"

"அரே, இதுல கேக்கறதுக்கு என்ன? கழுத்துல இருந்தது தலைக்குப் போகுது, பஸ், அவ்ளோதான்."

அந்த மாலை ஒரு காசுமாலை. வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த குடும்பங்கள், பிள்ளை பிறந்ததற்கும் நோய் தீர்ந்ததற்கும் ஒவ்வொன்றாக நேர்ந்து கொடுத்த சவரன்களைக் கோத்தது. ஒரு பக்கம் ஆங்கிலேய அரசரோ அரசியோ. மறு பக்கம் குதிரைமேல் இருந்து டிராகனைக் குத்தும் புனிதர். அந்தக் குடும்பங்களையெல்லாம் கேட்டுச் சம்மதம் வாங்கிவிட்டதாகப் பொருளாளர் சொன்னார். வாங்கியிருப்பார். ஆனால் நடுவில் தொங்கும் காசு சவரன் அல்ல. அதைவிட மெல்லியது, அதைவிட மஞ்சள். அதில் இறக்கை வைத்த ஒரு உருவம் நெடிய சிலுவையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். சம்மனசுக் காசு என்று எல்லோரும் சொல்வோம். சம்மனசு என்றால் எங்கள் பேச்சில் வானதூதர். அதை அலசிய தண்ணீரைக் காய்ச்சல்காரப் பிள்ளைகளுக்கு இரண்டு சொட்டு நாக்கில் விடுவது இங்கே வழக்கம். அதைக் கொடுத்தது யார் என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

"இதக் குடுத்தவங்ககிட்டயும் சம்மதம் வாங்கிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"யாருன்னே தெரியாதவங்ககிட்ட எப்படிக்கா வாங்கறது?"

"அப்ப வாங்கல."

என் தோழி சிரித்தாள். பொருளாளர் சிரிக்கவில்லை.

எனக்குத் தேதி முக்கியம். யாருக்கு எந்த வருடம் உறுதிப்பூசுதல் நடந்தது, எந்த மழையில் கோயில் சுவர் விழுந்தது என்று கேட்டால் சொல்வேன்; அதனால் எங்கள் கோயில் பங்கு மக்களிடையே எனக்குக் கேலண்டர் அக்கா என்று பெயர். கேலிப் பெயர்தான், எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்தக் காசை அதுவரை நான் கழுவியிருக்கிறேனே தவிரப் படித்ததில்லை. அன்று படிக்க அனுமதி கேட்டேன்.

"கேலண்டர் அக்கா ஆராய்ச்சியா? பண்ணுங்க. ஆனா காசு இந்த ரூம விட்டுப் போகக்கூடாது" என்றார் பொருளாளர்.

தபால்தலையும் பழங்காசும் சேர்க்கும் பழக்கத்தில் என்னிடமிருந்த பூதக்கண்ணாடியோடு மறுநாளும் அதற்கடுத்த நாளும் அந்த அறைக்குப் போனேன். டியூப்லைட்டுக்கு அடியில் காசைச் சாய்த்துச் சாய்த்துப் படமெடுத்து, வீட்டில் அருங்காட்சியகங்கள் இணையத்தில் வைத்திருக்கும் படங்களோடும் என்னிடமிருந்த நாணய நூல்களோடும் ஒப்பிட்டேன்.

முன்பக்கம் தலைக்கவசம் போட்ட ஒரு முகம், நம்மைப் பார்த்தபடி, சற்றே ஒரு பக்கம் திரும்பி. தலைக்குப் பின்னாலிருந்து ஈட்டியின் முனை எட்டிப் பார்க்கிறது. இடது தோளில் கேடயம். அந்தச் சிறு கேடயத்துக்குள்ளும் ஒரு குதிரைவீரன் எதிரியைக் குத்துகிறான். சவரன்களுக்கு நடுவே இது இவ்வளவு பழையது என்று இத்தனை காலம் யாருக்கும் தோன்றாததற்குக் காரணம் அந்தக் குதிரையாக இருக்கலாம். இப்படி முகம் காட்டும் படம் ஒரு ரோமப் பேரரசரோடு நிற்கவில்லை. நான்காம் நூற்றாண்டு தொடங்கி இருநூறு ஆண்டுக்கு ஒருவர் பின் ஒருவராக இதையே போட்டுக்கொண்டார்கள். அதனால் முகத்தை வைத்து ஆளைச் சொல்ல முடியாது. சுற்றியிருந்த பெயரில் பாதி தேய்ந்திருந்தது.

பின்பக்கம்தான் பேசியது. உருவத்தைச் சுற்றி லத்தீன் எழுத்துகள்: வோட் என்ற மூன்றெழுத்து, இரண்டு எக்ஸ், பிறகு முல்ட், மூன்று எக்ஸ். இருபதாம் ஆண்டு நேர்ச்சை. இன்னும் பெருகி முப்பதாம் ஆண்டு நேர்ச்சை. பேரரசர் நீடித்து ஆள வேண்டும் என்று நாடே நேர்ந்துகொண்டதன் சுருக்கம் அது. கீழே கோட்டுக்கு அடியில் ஐந்து எழுத்து: கான்ஸ்டான்டிநோபிள் என்ற நகரின் பெயரும், பொன் புடம் போட்டது என்ற உறுதியும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. இந்த வாசகமும் பெயரில் மிஞ்சிய எழுத்துகளும் சேர்ந்தால் ஒருவர்தான் தேறுகிறார். கைக்குழந்தையாக இருக்கும்போதே முடிசூட்டப்பட்டு, ஐந்தாம் நூற்றாண்டின் முதல் பாதி முழுக்க ஆண்டவர். அவர் பெயரை எழுதப்போவதில்லை. எங்கள் பங்கில் யார் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. பேரரசர் என்பதற்காக அவருக்கு மட்டும் என்ன சலுகை? காசின் காலம் கி.பி. 420ஐ ஒட்டி.

போலியோ என்று பார்த்தேன். ரோமக் காசைப் பார்த்துத் தென்னிந்தியாவிலேயே அடித்த நகல்களும் உண்டு. அவற்றில் எழுத்து புரியாதவர் வரைந்த கோலமாக இருக்கும். இதில் எழுத்து ஒழுங்காக நின்றது. அசல் என்பது என் முடிவு. என்னைவிடத் தெரிந்தவர் வந்து மறுத்தால் கேட்டுக்கொள்வேன்.

உருவத்துக்கு வருகிறேன். அது பக்கவாட்டில் நிற்கிறது. மார்புக்குக் கீழே கச்சு கட்டிய நீண்ட உடை, பெண்ணின் உடை. கையில் தன்னைவிட உயரமான சிலுவை, அதன் நீளம் முழுக்க மணி பதித்தது போலப் புள்ளிகள். மேலே ஒரு நட்சத்திரம். இது சம்மனசு அல்ல. இவள் வெற்றி. ரோமர்கள் கிறிஸ்தவர்களாவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அவர்கள் கும்பிட்ட, காசில் அடித்த, இறக்கை வைத்த தேவதை. பேரரசு மதம் மாறியபோது மற்றத் தெய்வங்கள் காசிலிருந்து போய்விட்டன. இவள் மட்டும் போகவில்லை. கையில் சிலுவையைக் கொடுத்து நிறுத்திக்கொண்டார்கள். சம்மனசு வருவது அதற்குப் பிறகு, 520களில். அந்தக் காசுகளில் உருவம் நம்மை நேராகப் பார்த்து நிற்கும், இரண்டு இறக்கையும் தெரியும், உடை ஆணின் உடை, ஒரு கையில் சிலுவை, மறு கையில் சிலுவை வைத்த உருண்டை. எங்கள் காசுக்கும் அதற்கும் நூறு ஆண்டு தூரம்.

இன்னொன்றும் கண்டேன், அதுதான் என்னை அசைத்தது. காசில் மூன்று துளைகள். பேரரசரின் தலைக்கு மேலே பக்கம் பக்கமாக இரண்டு, ஓரம் மழுங்கியவை, பழையவை. தென்னிந்தியாவில் கிடைத்த இந்தக் காலத்துக் காசுகள் பலவற்றில் இப்படி இரட்டைத் துளை உண்டு. இங்கே வந்ததும் கழுத்தில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் இந்தக் காசின் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று தலைகீழாக அடிக்கப்பட்டவை. அந்த இரட்டைத் துளையில் தொங்கவிட்டால் பேரரசர் நிமிர்ந்து நிற்பார். திருப்பினால் வெற்றியும் சிலுவையும் தலைகீழாகத் தொங்கும். மூன்றாவது துளை எதிர் ஓரத்தில், வெற்றியின் தலைக்கு மேல். ஓரம் இன்னும் கூர்மையாக, புதிதாக. மாலையின் கம்பி அதில்தான் ஓடியது.

இடையில் யாரோ ஒருவர் இந்தக் காசைக் கையில் வாங்கி, தலைகீழான சிலுவையைப் பார்த்து, இனி இந்தப் பக்கம்தான் வெளியே தெரிய வேண்டும் என்று முடிவு செய்து, பேரரசரைக் கவிழ்த்துவிட்டுப் புதுத் துளை போட்டிருக்கிறார். அது யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று தெரியவில்லை. ஊகம்தான், ஊகம் என்றே எழுதுகிறேன். ஆனால் அவர் ராஜாவைக் கவிழ்த்தாரே தவிரக் காசை உருக்கவில்லை.

எடை பார்க்கவும் தரம் உரைக்கவும் மாலையைச் சேட்டுக் கடைக்குக் கொண்டுபோனபோது பொருளாளரோடு நானும் போனேன். கட்கி பஜாரில் பரம்பரையாகக் கடை வைத்திருக்கும் மார்வாடி. கேட்டுக் கேட்டுப் பழகியதில் தமிழ் அரைகுறையாக வரும். சவரன்களை உரைத்துவிட்டு இதை உரைத்தவர் இன்னொரு முறை உரைத்தார்.

"அம்மா, ஏ தோ ஏக்தம் சுத் ஹை, சொக்கத் தங்கம். பாக்கி எல்லாம் இருபத்திரெண்டு கேரட். இது ரொம்ப மேல. எங்கேந்து வந்துச்சு?"

"இஸ்தான்புல்லேந்து" என்றேன்.

"துபாய் பக்கமா?"

வெளியே வந்ததும் பொருளாளர் குடையை விரித்துக்கொண்டே சிரித்தார். "பாத்தீங்களா அக்கா, நீங்க ஆராய்ச்சி பண்ணப் பண்ண என் கிரீடம்தான் ஜொலிக்குது."

"அது ஆயிரத்து அறுநூறு வருஷத்துக் காசு. உருக்கக் கூடாது."

"அவ்ளோ பழைய சம்மனசா!" அவர் குரலில் நிஜமாகவே பக்தி இருந்தது. அந்த இடத்தில் நான் நிறுத்தியிருந்தால் காசு அப்போதே தப்பியிருக்கும்.

"சம்மனசு இல்ல. வெற்றி. ரோமர்களோட தேவதை."

அவர் நடுரோட்டில் நின்றுவிட்டார். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தான். "மத்லப், வேற சாமியா?"

"வேற சாமியா இருந்தவ. அப்புறம் சிலுவையப் பிடிச்சுக்கிட்டா."

"இத்தன வருஷமா மாதா கழுத்துல வேற சாமியையா தொங்கவிட்டிருக்கோம்?" மழையில் நனைவது அவருக்குத் தெரியவில்லை. "அக்கா, இப்ப கண்டிப்பா உருக்கணும். தங்கத்துக்காக இல்ல."

என் தோழிக்கு விஷயம் நான் சொல்வதற்கு முன்பே எட்டிவிட்டது. ஆளந்தி ரோடு பஸ் நிறுத்தத்தில் பிடித்துக்கொண்டாள்.

"மைனி, வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்லா?"

"கேட்டாரு, சொன்னேன்."

"எம் மவனுக்கு டெங்கு வந்து ஐசியூல கிடந்தப்ப இந்தத் தண்ணியத்தான நாக்குல விட்டேன்? அப்ப அவனக் காப்பாத்துனது யாரு, உங்க ரோமாக்காரியா?"

"மாதா."

"அப்ப சம்மனசு ஒண்ணும் பண்ணலயா?"

"அது சம்மனசே இல்லன்னுதான் சொல்றேன்."

"நீங்க சொல்லுதீயன்னு அது இறக்கையக் கழட்டி வச்சிருமா?" என்று கேட்டுவிட்டு வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். அது அவள் பஸ்கூட இல்லை.

பங்குத்தந்தை இளைஞர், தஞ்சாவூர்ப் பக்கம். தமிழ்ப் பூசைக்காக இங்கே அனுப்பப்பட்டவர்; யார் மனமும் நோகக் கூடாது என்று நினைப்பவர். என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு டீ வரவழைத்தார். நான் கொண்டுபோன படங்களைப் பொறுமையாகப் பார்த்தார்.

"அம்மா, நூறு வருஷம் கழிச்சு அடிச்ச காசுல நிக்கிறது சம்மனசுதான்னு நீங்களே சொல்றீங்க."

"ஆமா ஃபாதர்."

"இதுல மூஞ்சி தேஞ்சுபோச்சு. எழுத்தும் லத்தீன். இங்க படிக்கத் தெரிஞ்சது நீங்க, நான். நானும் அரைகுறை. ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல சம்மனசுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன். காசும் பிழைக்கும், சண்டையும் தீரும்."

"நூறு வருஷம் ஃபாதர்."

"ஆயிரத்து அறுநூறுல நூறு பெரிய விஷயமாம்மா?"

"ஒரு பிள்ளையோட ஞானஸ்நான வருஷத்த நூறு தள்ளி எழுதுவீங்களா?"

அவர் சிரித்து டீயைக் குடித்தார். நான் படங்களை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது யோசித்தேன். பொய் சொன்னால் பிழைப்பது எது? ஆணுடை போட்டு நேராகப் பார்க்கும் ஒரு சம்மனசு பிழைக்கும். அது இந்தக் காசில் இல்லை. பழைய சாமியாக இருந்து, தோற்றம் மாறாமல், இறக்கையும் உடையும் அப்படியே இருக்கக் கையில் மட்டும் புதுச் சிலுவையோடு நிற்கிற இந்தப் பெண் பிழைக்கமாட்டாள். சேட்டின் நெருப்பு செய்வதை என் நாக்கே செய்து முடித்திருக்கும். எனக்கு இரண்டும் வேண்டும்: காசும் வேண்டும், அதன் தேதியும் வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றதை வாங்கிக்கொள் என்று சொல்பவர்களிடம் நான் வாழ்நாள் முழுக்க நிறைய விட்டுக்கொடுத்திருக்கிறேன். இதில் முடியாது.

அந்த ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னாலுள்ள கூடத்தில் கூட்டம். பழைய கட்கிக் குடும்பங்களும், சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் கம்பெனி வேலைக்கு வந்த புதுக் குடும்பங்களும். வடாபாவ் சுற்றி வந்தது. பொருளாளர் மாலையை வெல்வெட் துணியில் விரித்து மேசைமேல் வைத்திருந்தார்.

"அக்கா, எல்லார் முன்னாடியும் நீங்களே சொல்லுங்க. இது சம்மனசா, இல்லயா?"

பங்குத்தந்தை என்னைப் பார்த்தார். என் தோழி தரையைப் பார்த்தாள்.

"இல்ல. வெற்றிங்கிற தேவதை."

"எந்த வருஷம்?"

"நானூத்தி இருபத ஒட்டி."

"நானூத்தி இருபதா?" பொருளாளர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? மாதா கழுத்துல சார் சௌ பீஸ்!"

கூடம் அதிர்ந்தது. இந்தி தெரிந்த ஊரில் மோசடிக்காரனுக்கு அதுதானே எண். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடங்கும்வரை காத்திருந்தேன். ஐந்து ஆண்டு கூட்டியோ குறைத்தோ சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

கம்பெனிக்காரர் ஒருவர் எழுந்தார். "ஆன்ட்டி, இவ்ளோ பழசுன்னா மியூசியத்துக்குக் குடுத்துடலாமே?"

"மியூசியத்துல இது மாதிரி இருக்குப்பா. மாதாகிட்ட இது ஒண்ணுதான் இருக்கு. யாரோ நேர்ந்து குடுத்தது. காசுலயும் நேர்ச்சைன்னுதான் எழுதியிருக்கு."

"யாருக்கு நேர்ச்சை? மாதாவுக்கா?" என்றார் பொருளாளர்.

"ராஜாவுக்கு."

"பாத்தீங்களா!"

"ஆமா, ராஜாவுக்குத்தான். இல்லன்னு நான் சொல்லல. ஆனா அந்த ராஜாவத் தலைகீழாக் கவுத்துட்டுத்தான் இங்க தொங்கவிட்டிருக்காங்க. ஓட்டையப் பாருங்க."

மாலையின் கம்பியை அங்கேயே பிரித்துக் காசைக் கழற்றி முதல் வரிசையில் கொடுத்தேன். கை மாறிப் போனது. புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். நிமிர்ந்த ராஜா, கவிழ்ந்த சிலுவை. நிமிர்ந்த சிலுவை, கவிழ்ந்த ராஜா. ஒரு பெண் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். ஒருவர் போனை எடுத்துப் படம் பிடித்தார்.

"எல்லாம் சரிக்கா" என்றார் பொருளாளர். "ஆனா வேற சாமி வேற சாமிதான். நம்ம கோயிலுக்குள்ள அதுக்கு இடமில்ல."

"உங்க குடும்பத்துல முதல்ல ஞானஸ்நானம் வாங்கினவரு, அதுக்கு முந்தின நாள் யாரக் கும்பிட்டாரு?"

யாரும் வடாபாவ் மெல்லவில்லை.

"எங்க வீட்டுலயும் அப்படித்தான். அவங்கள உருக்கிட்டா உள்ள சேத்தாங்க? அதே மூக்கு, அதே நெறம், அதே பாஷை. கையில சிலுவையக் குடுத்தாங்க, உள்ள வந்தோம். இவளும் அப்படி வந்தவதான். இவள உருக்கணும்னா வரிசையில முதல்ல நாமதான் நிக்கணும்."

பொருளாளர் மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்: "அக்கா, இது இல்லன்னா கிரீடத்துக்குத் தங்கம் பத்தாது. சேட்டு கணக்குப் போட்டுட்டான். நான் எல்லார்கிட்டயும் பெரிய கிரீடம்னு சொல்லிட்டேன்."

அதுதான் உண்மை. அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று தெரிந்தது. ஆனாலும் என் பதில் மாறவில்லை.

"சின்னதா இருக்கட்டும்."

"முடியாதுக்கா" என்றார், இப்போது எல்லோருக்கும் கேட்க. "கமிட்டி பாஸ் பண்ணது பண்ணதுதான். நாளைக்கு மால சேட்டுகிட்டப் போகுது, எல்லாக் காசோடயும். ஃபாதர், என்ன சொல்றீங்க?"

ஃபாதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

காசு அப்போது ஒரு சுற்று முடிந்து என் கைக்கே வந்திருந்தது. எங்கள் கோயிலில் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. மாதாவின் மேல் இருக்கிற எதையும் ஆண்கள் கழற்றமாட்டார்கள்; இறக்கிக் கொடுத்தால்தான் தொடுவார்கள். சேலையானாலும் நகையானாலும் ஏற்றுவதும் இறக்குவதும் மாதாவுக்கு உடுத்திவிடும் பெண்கள் இருவர் மட்டுமே. ஃபாதரே கழற்றமாட்டார். நான் எழுந்து கூடத்தை விட்டு வெளியே வந்து கோயிலுக்குள் நடந்தேன். பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது.

மாதாவின் சுரூபம் பக்கப் பீடத்தில் இருக்கிறது. முக்காலியைப் போட்டு ஏறினேன். சேலைக்குத் தையல் போடுவதற்காக என் பையில் எப்போதும் வெள்ளை நூல் இருக்கும். மூன்றாவது துளையில் நூலைக் கோத்து, மாதாவின் கழுத்தைச் சுற்றி, பின்னால் முடிச்சுப் போட்டேன். சிலுவை நிமிர்ந்து நின்றது. இறங்கித் திரும்பினால் பங்கு மக்களில் பாதிப் பேர் பின்னால் நிற்கிறார்கள்.

"வேணும்னா எடுத்துக்கலாம்" என்றேன்.

பொருளாளர் அசையவில்லை. அவர் வழக்கத்தை மீறுகிறவர் அல்ல. அதை நம்பித்தான் நான் ஏறினேன் என்பது அவருக்கும் தெரியும். கோபத்தில் காது சிவந்திருந்தது. மெதுவாக என் தோழியின் பக்கம் திரும்பினார். உடுத்திவிடும் பெண்கள் இருவர் அல்லவா, மற்றவள் அவள்.

"நீங்க எடுங்கக்கா."

அவள் முன்னால் வந்தாள். முக்காலியில் ஏறினாள். நான் தடுக்கவில்லை, அவளுக்கும் என் அளவு உரிமை உண்டு. காசைக் கையில் ஏந்திப் பார்த்தாள். என்மேல் அவளுக்கு இருந்த கோபத்துக்கு நூலை அறுக்க ஒரு நொடி போதும்.

"ஏற்கெனவே மாதா மேல ஏறியாச்சு. இனி சம்மனச நான் எப்படிய்யா கழட்டுவேன்?" என்றாள்.

"சம்மனசு இல்ல" என்றேன்.

"நீங்க சும்மா இருங்க மைனி!" முக்காலியில் நின்றபடியே கத்தினாள். "காப்பாத்திக்கிட்டு இருக்கேன், கெடுக்காதீய!"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு பலர். ஃபாதர் வாயைக் கையால் மூடிக்கொண்டார். பொருளாளர் மட்டும் வெளியே போய்விட்டார்.

மாலை அடுத்த நாள் சேட்டுக் கடைக்குப் போனது, நடுவில் ஒரு இடைவெளியோடு. ஆகஸ்ட் இருபத்தொன்பது கொடியேற்றத்துக்குக் கிரீடம் வந்தது. சின்னதுதான். மாதாவின் தலைக்குப் பொருந்தியது என்று சிலர் ஆறுதலாகச் சொன்னார்கள். பொருந்தவில்லை, ஒரு விரல் சிறியது, பின்னால் துணி வைத்து நிறுத்தியது நான்தான். அதை மாற்றிச் சொல்லமாட்டேன். திருவிழா அன்று சப்பரத்துக்கு அருகில் பொருளாளர் என்னைக் கடந்து போனார்.

"சின்னதாப் போச்சு, அக்கா" என்றார்.

"ஆமா."

"எல்லாரும் என்னத்தான் கேக்கறாங்க."

"என் பேரச் சொல்லுங்க."

"சொல்லிட்டுத்தான் இருக்கேன்" என்றார். பாதி கோபம், பாதி வேறு ஏதோ.

சேலை மடிப்பை நான் வலப்பக்கமும் என் தோழி இடப்பக்கமுமாகப் பிடித்துக் கட்டினோம். கும்பிட வந்தவர்களில் யாராவது அந்தக் காசு என்ன என்று கேட்டால் இடப்பக்கத்திலிருந்து "சம்மனசு" என்று வரும், வலப்பக்கத்திலிருந்து "வெற்றி, நானூத்தி இருபத ஒட்டி" என்று வரும். கேட்டவர்கள் குழம்பிப்போய் இருவரையும் பார்த்துவிட்டுக் காசைத் தொட்டு முத்தமிடுவார்கள். அவள் என்னை முறைப்பாள். நான் அடுத்த மடிப்பை எடுப்பேன்.

கிரீடத்தைப் பெரிதாக்க வேண்டும் என்ற பேச்சு இந்த ஆண்டு மறுபடி தொடங்கியிருக்கிறது. தொடங்கட்டும். வெள்ளை நூல் நைந்துபோயிருந்ததால் அதை எடுத்துவிட்டு, தடித்த செம்புக் கம்பி வாங்கிவந்து, அந்த மூன்றாவது துளையில் கோத்து, குறடு வைத்து முறுக்கியிருக்கிறேன். இனி என் விரலாலேயே அதைப் பிரிக்க முடியாது.